கேள்வி–பதில்: விமானத்தின் எரிபொருள் தொட்டிக்குள்

விமானங்களின் எரிபொருள் அமைப்பைப் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். இறக்கைத் தொட்டிகளைப் பழுதுபார்க்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் நான். விமானம் என்றால் எல்லோரும் இயந்திரத்தைப் பற்றியே கேட்பார்கள்; இத்தனை பேர் தொட்டியைப் பற்றிக் கேட்டிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

கேள்வி: பயணிகள் விமானங்களில் எரிபொருளை இறக்கைகளுக்குள் வைப்பது ஏன்? உடற்பகுதியில் ஒரே பெரிய தொட்டியாக வைத்தால் எளிதல்லவா?

பதில்: பறக்கும் விமானத்தின் இறக்கையைக் காற்று மேல்நோக்கித் தூக்குகிறது, பயணிகளும் சரக்கும் நிறைந்த உடற்பகுதியோ நடுவில் கீழ்நோக்கி அழுத்துகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்வது இறக்கை உடலோடு சேரும் அடிப்பகுதிதான். எரிபொருளை இறக்கையின் நீளத்துக்குப் பரப்பி வைத்தால், தூக்குவிசை எங்கெங்கே பிறக்கிறதோ அங்கங்கே அதற்கு எதிராக ஓர் எடை அமர்ந்திருக்கும். இறக்கை மேல்நோக்கி வளைவது குறையும். இறக்கையை அவ்வளவு கனமாகக் கட்ட வேண்டிய தேவையும் குறையும். எரிபொருள் தீரத் தீர விமானத்தின் ஈர்ப்பு மையம் முன்னும் பின்னும் அதிகம் நகராமல் இருப்பது இன்னொரு நன்மை. இரண்டு இறக்கைகளும் சந்திக்கும் இடத்தில், உடலுக்கு அடியில், நடுத்தொட்டி ஒன்று பெரும்பாலான பெரிய விமானங்களில் உண்டு. பொதுவாக அதை நிரப்புவது கடைசியில், காலி செய்வது முதலில். இறக்கையில் எரிபொருள் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு நேரம் அதன் அடிப்பகுதிக்குச் சுமை குறைவு என்பதே இந்த வரிசைக்குக் காரணம்.

தொட்டி என்றவுடன் இறக்கைக்குள் ஓர் உலோகப் பெட்டி இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். சிறிய விமானங்கள் சிலவற்றில் அப்படிப் பெட்டியோ ரப்பர் பையோ இருப்பதுண்டு. பெரிய விமானங்களில் இறக்கையேதான் தொட்டி. முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக இறக்கையின் நீளத்துக்கு ஓடும் இரண்டு உத்திரங்கள், மேலும் கீழும் தகடுகள், குறுக்கே விலா எலும்புகளைப்போல் அடுக்கிய தடுப்புகள் ஆகியவற்றுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் எரிபொருள் நிற்கிறது. ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள் கொண்ட அந்தக் கூட்டைக் கசியாமல் காப்பது, உள்ளே ஒவ்வோர் இணைப்பின் மீதும் பூசப்பட்டிருக்கும் பாலிசல்ஃபைடு சீலண்ட் என்ற ரப்பர் போன்ற பூச்சு. போயிங் 737-800 விமானத்தில் ஏறத்தாழ 26,000 லிட்டர் கொள்ளும். ஏர்பஸ் ஏ380 விமானத்தில் ஏறத்தாழ 3,20,000 லிட்டர்.

கேள்வி: நடுவானில் எரிபொருள் பம்ப் நின்றுவிட்டால் இயந்திரமும் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. ஒவ்வோர் இறக்கைத் தொட்டியிலும் பொதுவாக இரண்டு பூஸ்டர் பம்புகள் எரிபொருளுக்குள் மூழ்கியபடி ஓடுகின்றன; அந்த எரிபொருளே அவற்றைக் குளிர்விக்கிறது. இரண்டுக்கும் மின்சாரம் வெவ்வேறு வழிகளில் வருவதால் ஒன்று நின்றால் மற்றது போதும். இரண்டும் நின்றுபோனாலும், இயந்திரத்தோடு சேர்ந்து சுழலும் பம்ப் தொட்டியிலிருந்து தானே எரிபொருளை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் மிக உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது எரிபொருளில் கரைந்திருந்த காற்று குமிழ்களாகப் பிரியும். குமிழ்கள் குழாயில் சேர்ந்தால் ஓட்டம் அறுந்துபோகலாம். ஆகவே அந்த நிலையில் விமானி உயரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

விமானம் சாயும்போது எரிபொருள் ஒரு பக்கமாக ஓடி, பம்ப் வறண்டுவிடாதா என்றும் இதே வாசகர் கேட்டிருக்கிறார். பம்புகள் இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு சிறிய அறையும், அதன் சுவர்களில் உள்நோக்கி மட்டும் திறக்கும் சிறு கதவுகளும் உண்டு. எரிபொருள் உள்ளே வரலாம், திரும்பிப் போக முடியாது. மின்சாரமும் சுழலும் பாகமும் இல்லாமல், பூஸ்டர் பம்பிலிருந்து வரும் எரிபொருள் பாய்ச்சலின் வேகத்தாலேயே மூலைகளில் தேங்கியதை இழுத்துவரும் ஜெட் பம்புகளும் உள்ளன. தேய்வதற்கு ஒன்றும் இல்லாத அந்தச் சிறு குழாயைப் பார்க்கும்போதெல்லாம் அதை வடிவமைத்தவர்களை நான் மனதுக்குள் வணங்கியிருக்கிறேன்.

ஓர் இறக்கையின் எரிபொருளை மறு பக்கத்து இயந்திரத்துக்கு அனுப்பும் குறுக்கு வால்வும் இருக்கிறது. அது எவ்வளவு பயனுள்ளதோ அவ்வளவு கவனத்தோடு திறக்க வேண்டியது. 2001 ஆகஸ்ட் 24 அன்று டொராண்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் பறந்துகொண்டிருந்த ஓர் ஏ330 விமானத்தில், வலது இயந்திரத்தின் எரிபொருள் குழாயும் ஹைட்ராலிக் குழாயும் ஒன்றோடொன்று உரசிக் குழாய் கிழிந்தது. புதிதாக மாற்றிய இயந்திரத்தில், அதன் வகைக்குப் பொருந்தாத பாகம் ஒன்றைப் பொருத்தியதே அந்த உரசலுக்குக் காரணம். இரு பக்கமும் எரிபொருள் சமமாக இல்லை என்று மட்டும் எண்ணிய விமானிகள் குறுக்கு வால்வைத் திறந்தபோது, நல்ல பக்கத்தில் இருந்த எரிபொருளும் அந்தக் கசிவின் வழியே வெளியேறியது. இரண்டு இயந்திரங்களும் நின்ற பிறகு, 306 பேருடன் அந்த விமானம் மிதந்தபடியே வந்து அசோர்ஸ் தீவுகளில் உள்ள லாஜெஸ் தளத்தில் இறங்கியது. உயிரிழப்பு இல்லை.

கேள்வி: எரிபொருளில் தண்ணீர் கலந்துவிடும் என்கிறார்களே, மூடிய தொட்டிக்குள் தண்ணீர் எப்படி வரும்? அதை எப்படி அகற்றுகிறார்கள்?

பதில்: எரிபொருள் அமைப்பின் பராமரிப்பில் மிக முக்கியமானது எது என்று யார் கேட்டாலும் நான் தண்ணீர் என்றே சொல்வேன்.

முதலில், தொட்டி மூடியதல்ல. எரிபொருள் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இறக்கை நசுங்கிவிடும். ஆகவே இறக்கை நுனியில் உள்ள காற்றுப்போக்கு அறையின் வழியாகத் தொட்டி எப்போதும் சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. விமானம் கீழே இறங்கும்போது ஈரமான காற்று உள்ளே புகுகிறது. உயரத்தில் பல மணி நேரம் உறைந்து கிடந்த தகடுகளில் பட்டு நீர்த்துளியாகிறது. இது ஒரு வழி. எரிபொருளே ஒரு சிறிதளவு தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்திருப்பது இன்னொரு வழி. வெதுவெதுப்பான எரிபொருள் அதிகம் கரைக்கும், குளிர்ந்த எரிபொருள் குறைவாகவே கரைக்கும். எனவே சுத்தமாக நிரப்பிய எரிபொருளும் மேலே போய்க் குளிர்ந்தவுடன் நுண்ணிய துளிகளை வெளியே விடுகிறது. தண்ணீர் எரிபொருளைவிடக் கனமானது. மெல்ல இறங்கித் தொட்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில் அது தேங்கும்.

அந்தத் தாழ்ந்த இடத்தில் இறக்கையின் அடியில் வடிகால் வால்வு ஒன்று இருக்கும். விடியற்காலையில், இரவெல்லாம் அசையாமல் நின்ற விமானத்தின் கீழே குனிந்து, கண்ணாடிக் குடுவையின் குழாயால் அந்த வால்வை மேல்நோக்கி அழுத்தினால் எரிபொருள் குடுவைக்குள் இறங்கும். நிறைந்ததும் குடுவையைச் சுழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். நல்ல எரிபொருள் நிறமற்றதாக அல்லது வைக்கோலின் மெல்லிய மஞ்சளாக, கலங்கல் இன்றிப் பளிச்சென்று இருக்கும். தண்ணீர் இருந்தால் சுழலின் நடுவே அடியில் முத்துப்போல் உருண்டு சேரும். அதிகமாக இருந்தால் குடுவைக்குள் குறுக்கே ஒரு கோடு தெரியும்.

இங்கேதான் புதியவர்கள் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. குடுவை முழுவதும் தண்ணீராகவே இருந்தால் கோடு தெரியாது. அதுவும் கலங்கல் இன்றிப் பளிச்சென்றுதான் இருக்கும். பணியில் சேர்ந்த தொடக்கத்தில் நானே அப்படி ஒரு குடுவையைப் பார்த்துவிட்டு ‘சுத்தம்’ என்று சொன்னேன். மூத்த பொறியாளர் ஒன்றும் பேசாமல் குடுவைக்குள் விரலை நனைத்து என் புறங்கையில் தடவினார். எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை, மண்ணெண்ணெய் வாசனையும் இல்லை. அன்று முதல், கண்ணை மட்டும் நம்பி நான் கையெழுத்திட்டதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் மிதக்கும் நீருக்கு வேறு சோதனை இருக்கிறது: வேதிப்பொருள் தடவிய சிறு வில்லை ஒன்றைச் சிரிஞ்சின் முனையில் பொருத்தி எரிபொருளை இழுத்தால், மில்லியனில் 30 பங்கு நீர் இருந்தாலே மஞ்சள் வில்லை பச்சையாகிவிடும்.

வடிப்பதற்கு நேரமும் முக்கியம். எரிபொருள் நிரப்பியவுடன் எல்லாம் கலங்கிக் கிடக்கும். அப்போது வடித்தால் ஒன்றும் கிடைக்காது. நீண்ட பயணம் முடித்து வந்தவுடன் வடித்தாலும் ஒன்றும் வராமல் போகலாம், ஏனென்றால் அடியில் உள்ள நீர் இன்னும் பனிக்கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றும் வரவில்லை என்பதைத் தண்ணீர் இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு.

கேள்வி: விமான எரிபொருளில் பூஞ்சை வளருமாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை அவற்றில் பெயர் பெற்றது. அது வாழ்வது தண்ணீரில், உண்பது எரிபொருளை. ஆகவே இரண்டும் சந்திக்கும் எல்லைக் கோடுதான் அதற்கு வீடு. பழுப்பும் கறுப்புமான வழவழப்பான பாசிப்படலம்போல் தொட்டியின் அடியில் படரும். வடிகட்டிகளை அடைக்கும், அளவுக் கருவிகளில் ஒட்டிப் பொய்யான அளவைக் காட்டும், அது வெளிவிடும் அமிலங்கள் அலுமினியத்தையும் அரிக்கும். வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் பல வாரங்கள் பறக்காமல் நிற்கும் விமானங்களுக்கு இது பெரிய ஆபத்து. தண்ணீரை ஒழுங்காக வடித்துவந்தால் பூஞ்சைக்கு இருப்பிடமே இல்லை. வந்துவிட்டால் உயிர்க்கொல்லி மருந்தை எரிபொருளில் கலந்து ஊறவிட வேண்டும். முற்றிவிட்டால் ஆள் உள்ளே இறங்கித் துடைத்தெடுக்க வேண்டும்.

மருந்துக்கும் அளவு உண்டு. 2020 பிப்ரவரியில் லண்டன் கேட்விக் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய ஓர் ஏ321 விமானத்தின் இயந்திரங்கள் தடுமாறி, உடனே திரும்பி இறங்கியது. மில்லியனில் 100 பங்கு என்று சேர்க்க வேண்டிய மருந்தை, கணக்கைத் தவறாகப் போட்டு ஏறத்தாழ 38 மடங்கு சேர்த்திருந்தார்கள்.

வடிகட்டியே கேடாக முடிந்த நிகழ்வும் உண்டு. 2010 ஏப்ரல் 13 அன்று சுரபயாவிலிருந்து ஹாங்காங் சென்ற ஏ330 ஒன்றில், தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் வடிகட்டிப் பொருள் உப்புநீர் பட்டு உடைந்து, சிறு உருண்டைகளாக எரிபொருளில் கலந்து, இயந்திரங்களுக்குப் போகும் எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வுகளை இறுக்கிவிட்டது. விசையைக் குறைக்க முடியாததால் அந்த விமானம் ஏறத்தாழ 230 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 425 கிலோமீட்டர் வேகத்தில் தரையிறங்க வேண்டியிருந்தது. அதன் பிறகு இந்த வகை வடிகட்டிகளை உலகெங்கும் படிப்படியாகக் கைவிடத் தொடங்கினார்கள்.

கேள்வி: 35,000 அடி உயரத்தில் வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே குளிர் இருக்கும்போது எரிபொருள் உறையாதா?

பதில்: ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி செல்சியஸ், அமெரிக்காவில் அதிகம் பயன்படும் ஜெட் ஏ-வுக்கு மைனஸ் 40. விமானத்தின் வேகத்தால் இறக்கையின் மேல் உரசும் காற்று சற்றுச் சூடாவதால், தொட்டி வெளிக் குளிரை முழுவதும் அடைவதில்லை. உறைநிலையை நெருங்கினால் விமானி கீழே இறங்குவார் அல்லது வேகத்தைக் கூட்டுவார். மேலும், இயந்திரத்துக்குள் போகும் வழியில் எரிபொருள் ஒரு வெப்பமாற்றியின் வழியாகச் செல்கிறது. அங்கே சூடான எஞ்சின் ஆயில் தன் வெப்பத்தை எரிபொருளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் குளிர்கிறது. ஒன்றின் சுமை மற்றொன்றுக்கு உதவியாகும் அழகான ஏற்பாடு இது.

ஆனாலும் அந்த இடத்தில்தான் ஒரு பெரிய பாடம் கிடைத்தது. 2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வந்த போயிங் 777 விமானம், இறங்கும் தறுவாயில் இரண்டு இயந்திரங்களும் விசை தராமல் ஓடுபாதைக்கு முன்பே புல்வெளியில் விழுந்தது. 152 பேரும் உயிர் பிழைத்தனர். அந்தப் பயணத்தில் எரிபொருளின் மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 34 டிகிரி. அந்த எரிபொருளின் உறைநிலையோ மைனஸ் 57. அதாவது எரிபொருள் உறையவே இல்லை. அதில் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருந்த தண்ணீர், குழாய்களின் உட்சுவரில் மென்பனியாக மெல்ல மெல்லப் படிந்து, தரையிறங்கும் வேளையில் எரிபொருள் ஓட்டம் கூடியதும் மொத்தமாகப் பெயர்ந்து வந்து வெப்பமாற்றியின் முகப்பை அடைத்துவிட்டது. அந்த முகப்பில் நுண்குழாய்களின் முனைகள் சிறிது வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பிறகு அவற்றைச் சமதளமாக்கி மாற்றியமைத்தார்கள். தண்ணீரைப் பற்றி நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: தொட்டியில் எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்பதை எப்படி அறிகிறார்கள்? லிட்டரில் சொல்லாமல் கிலோவில் சொல்வது ஏன்?

பதில்: இயந்திரத்துக்கு வேண்டியது எரிபொருளில் உள்ள ஆற்றல், ஆற்றல் எடையைப் பொறுத்தது, கன அளவைப் பொறுத்ததல்ல. ஜெட் ஏ-1 எரிபொருளின் அடர்த்தி 15 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு 0.775 கிலோ முதல் 0.840 கிலோ வரை இருக்கலாம். 20,000 லிட்டர் நிரப்பினால் அதன் எடை 15,500 கிலோவாகவும் இருக்கலாம், 16,800 கிலோவாகவும் இருக்கலாம். அந்த 1,300 கிலோ வேறுபாடு சிறியதல்ல.

தொட்டிக்குள் பல இடங்களில் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரண்டு குழாய்கள் செங்குத்தாக நிற்கும். இரண்டுக்கும் இடையே எரிபொருள் ஏறி இறங்கும். மின்சாரத்தைப் பொறுத்தவரை இது ஒரு மின்தேக்கி. காற்றைவிட எரிபொருள் ஏறத்தாழ இரு மடங்கு மின்தேக்கும் தன்மையுள்ளது. எனவே எரிபொருள் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது மின்அளவாகக் கிடைத்துவிடுகிறது. அடர்த்தி கூடினால் அந்தத் தன்மையும் கூடுவதால், எடையை நோக்கிய திருத்தம் ஓரளவு தானாகவே நடக்கிறது. கருவி பழுதானால், இறக்கையின் அடியிலிருந்து கீழே இழுத்துப் படிக்கும் அளவுகோல்கள் உண்டு. அதில் கிடைக்கும் உயரத்தை அட்டவணை பார்த்து லிட்டராக்கி, லிட்டரை அடர்த்தியால் பெருக்கிக் கிலோவாக்க வேண்டும்.

1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்ததை இந்தத் துறையில் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் தம் கையால் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். புதிய போயிங் 767 ஒன்றின் அளவுக் கருவி வேலை செய்யவில்லை. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. அளவுகோலால் பார்த்தபோது தொட்டியில் 7,682 லிட்டர் இருந்தது. அதைக் கிலோவாக்க 0.8 ஆல் பெருக்கியிருக்க வேண்டும். அவர்கள் பெருக்கியது 1.77 ஆல், அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். விடை 13,597 என்று வந்தது. அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டு, மீதிக்கு 4,916 லிட்டர் மட்டும் நிரப்பினார்கள்; வேண்டியிருந்ததோ 20,000 லிட்டருக்கும் மேல். 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு இயந்திரங்களும் நின்று, விமானி அதை மிதக்கவிட்டுக் கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். உயிரிழப்பு இல்லை. கணக்கு பலமுறை சரிபார்க்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் பெருக்கல் சரியாகவே இருந்தது. எண்ணுக்குப் பின்னால் இருந்த அலகை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேள்வி: இவ்வளவு எரிபொருள் இருந்தும் தொட்டி வெடிக்காமல் இருப்பது எப்படி?

பதில்: நிறைந்த தொட்டியைவிடக் காலியான தொட்டியே ஆபத்தானது, எரிவது திரவமல்ல, அதன் மேலே நிற்கும் ஆவி. 1996 ஜூலை 17 அன்று நியூயார்க் அருகே கடலின் மேல் போயிங் 747 விமானம் ஒன்று வெடித்துச் சிதறி 230 பேர் இறந்தனர். அதன் நடுத்தொட்டி ஏறக்குறையக் காலியாக இருந்தது; அடியில் இருந்த குளிர்சாதன இயந்திரங்களின் வெப்பத்தால் மிச்சமிருந்த எரிபொருள் ஆவியாகியிருந்தது. தீப்பொறியின் மூலம் உறுதியாக நிறுவப்படவில்லை என்றாலும், தொட்டிக்கு வெளியே நேர்ந்த மின்கசிவு அளவுக் கருவியின் கம்பி வழியாக உள்ளே போயிருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

இன்றைய விமானங்களில் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துத் தொட்டிக்குள் செலுத்தும் கருவி உள்ளது. மயிரிழை போன்ற உள்ளீடற்ற இழைகளின் வழியே காற்றைச் செலுத்தும்போது ஆக்சிஜன் இழையின் சுவர் வழியே விரைவில் வெளியேறிவிடும். நைட்ரஜன் மிகுந்த காற்று மறுமுனையில் வரும். தொட்டியில் ஆக்சிஜன் 12 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பொறி விழுந்தாலும் தீ பரவாது. பராமரிப்பவர்களுக்கு இதில் இன்னொரு கடமையும் சேர்ந்தது: தொட்டிக்குள் செல்லும் ஒவ்வொரு கம்பியும், அதன் பிடிப்பும், எதனோடும் எவ்வளவு இடைவெளியில் இருக்க வேண்டும் என்பதும் இப்போது மாற்ற முடியாத விதி.

கேள்வி: எரிபொருள் நிரப்பும்போது வண்டிக்கும் விமானத்துக்கும் இடையே ஒரு கம்பியை மாட்டுகிறார்களே, எதற்கு?

பதில்: எரிபொருள் குழாயிலும் வடிகட்டியிலும் வேகமாக ஓடும்போது நிலைமின்சாரம் உண்டாகிறது. கம்பி இரண்டையும் ஒரே மின்னழுத்தத்தில் வைப்பதால் பொறி பறக்காது. நிரப்பும் குழாயை இணைப்பதற்கு முன் கம்பியை மாட்ட வேண்டும். குழாயைக் கழற்றிய பிறகே கம்பியை எடுக்க வேண்டும்.

கேள்வி: அவசரத்தில் எல்லா விமானங்களும் எரிபொருளை வானில் கொட்டிவிட முடியுமா?

பதில்: முடியாது. போயிங் 747, 777 போன்ற நீண்ட தூர விமானங்களில் அந்த வசதி உண்டு. கிளம்பும்போது இருக்கும் எடை, இறங்குவதற்கு அனுமதித்த எடையைவிட மிக அதிகம் என்பதே காரணம். 737, ஏ320 போன்றவற்றில் அந்த வசதி இல்லை; அவை வட்டமிட்டு எரிபொருளைக் குறைக்கும், அல்லது அவசரமானால் எடையோடே இறங்கிப் பிறகு சோதிக்கப்படும்.

கேள்வி: இறக்கையின் அடியில் ஈரக் கறையைப் பார்த்தேன். கசிவுள்ள விமானம் பறக்கலாமா? கசிவை அடைக்க ஆள் உள்ளே போவாரா?

பதில்: கறை எந்த இடத்தில், எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதைப் பார்த்தே முடிவு செய்வார்கள். இடத்தைத் துடைத்து உலர்த்தி, முகப்பவுடர் போன்ற டால்க் தூளைத் தூவி 30 நிமிடம் காத்திருப்போம். ஈரம் பட்ட தூள் நிறம் மாறும். பயிற்சி நூல்களின் பொதுவான கணக்குப்படி, வட்டத்தின் விட்டம் முக்கால் அங்குலத்துக்குக் குறைவானால் கறை. ஒன்றரை அங்குலம் வரை கசிவு. நான்கு அங்குலம் வரை கடுங்கசிவு. சொட்டினால் ஓடும் கசிவு. திறந்த வெளியில் உள்ள சிறு கறையோடு, கண்காணிப்பில் வைத்துப் பறக்க அனுமதி உண்டு. சக்கர அறை போன்ற மூடிய இடத்திலோ சூடான பாகத்தின் அருகிலோ இருந்தால் சிறிய கசிவுக்கும் அனுமதி கிடைக்காது.

அடைக்க வேண்டுமென்றால் உள்ளே போகத்தான் வேண்டும். எரிபொருளை எடுத்து, மீதியை வடித்து, மின்சாரத்தைத் துண்டித்து, ஊதுகுழாய் வைத்து மணிக்கணக்கில் காற்றைச் செலுத்துவோம். எரியும் ஆவி, தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவில் 10 விழுக்காட்டுக்குக் கீழும், ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருப்பதாகக் கருவி காட்டிய பிறகே நுழைவு. பருத்தி உடைதான் அணிய வேண்டும்; கைப்பேசி, கைக்கடிகாரம், தீப்பெட்டி எதுவும் கூடாது, பொறி எழாத விளக்கு மட்டும். வெளியே வாயிலருகில் ஒருவர், உள்ளே இருப்பவர் வரும் வரை நகராமல் நிற்பார். வாயில் முட்டை வடிவமான ஒரு சிறு துளை. இரு கைகளையும் தலைக்கு மேல் நீட்டி, தோளைச் சாய்த்துத்தான் உடலை நுழைக்க முடியும். உள்ளே கைவிளக்கின் வெளிச்சத்தில் தடுப்புகளும் குழாய்களும், அவற்றின் ஓரமெல்லாம் விரலால் தடவி வைத்ததுபோல் சீலண்டின் வரிகளும் தெரியும். பேசினால் குரல் உலோகத்தில் மோதித் திரும்பும்.

கடினம் என்னவென்றால், வெளியே சொட்டும் இடத்துக்கு நேர் மேலே கசிவு இருப்பதில்லை. எரிபொருள் ஓர் இணைப்பில் நுழைந்து, தகடுகளுக்கு இடையே நெடுந்தூரம் ஊர்ந்து, வேறெங்கோ வெளிவரும். ஒருமுறை நான் சொட்டும் இடத்துக்கு நேர் உள்ளே இருந்த ரிவெட்டுகளையெல்லாம் புதிதாகப் பூசி மூடிவிட்டு வந்தேன். தொட்டியை நிரப்பியதும் அதே இடத்தில் அதே வேகத்தில் சொட்டியது. மூன்று நாள் உழைப்பு வீணானது. பிறகு வெளியிலிருந்து அந்தத் துளைக்குக் காற்றைச் செலுத்தி, உள்ளே சோப்பு நீரைத் தடவிக் காத்திருந்தபோது, நான் பூசிய இடத்திலிருந்து இரண்டு தடுப்புகள் தள்ளி, ஒரு மூலையில், கடுகளவு குமிழ் ஒன்று எழுந்தது.

பழைய சீலண்டை உலோகக் கருவியால் சுரண்டக் கூடாது, தகட்டில் கீறல் விழும், பிளாஸ்டிக் கருவிதான். கரைப்பான் கொண்டு துடைத்து, அது தானாக ஆவியாகும் முன்பே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தானாக உலரவிட்டால் அழுக்கு அங்கேயே திரும்பப் படியும். சீலண்ட் இரண்டு பாகங்களைக் கலந்து செய்வது. பி-2 என்று குறித்திருந்தால் கலந்த 2 மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். பூசியபின் அது இறுகும் வரை விமானத்தை அனுப்பும்படி எத்தனை நெருக்கடி வந்தாலும் காத்திருக்க வேண்டும். வெளியே வந்தவுடன் கருவிப் பட்டியலை எடுத்து, உள்ளே கொண்டுபோன ஒவ்வொரு பொருளையும், துணித்துண்டுகளைக்கூட எண்ணி, எண்ணிக்கை சரியானால் மட்டுமே மூடியைப் பொருத்தி எரிபொருள் நிரப்பச் சொல்வோம். பிறகு மீண்டும் இறக்கைக்கு அடியில் குனிந்து, தூளைத் தூவி, 30 நிமிடம் பார்த்துக்கொண்டிருப்போம்.